பைலட்டிடம் சொல்லக்கூடாது

வால்பாறை மலைப்பாதையில் ஆறு வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியவன் நான். ஆழியாறிலிருந்து மேலே போக 40 கொண்டை ஊசி வளைவுகள். பேஷண்டை இறக்கும்போது, ஒன்பதாவது வளைவில் அணைத் தண்ணீர் கண்ணில் பட்டால்தான் எனக்கு மூச்சு வரும். அந்த அனுபவத் திமிரோடுதான் ஹெலிகாப்டர் மீட்புப் பயிற்சிக்குப் போனேன்.

முதல் நாளே ஸ்டெதஸ்கோப் வெறும் கயிறாகிவிட்டது. விசிறி இரைச்சலில் என் பேச்சே எனக்குக் கேட்கவில்லை, அப்புறம் எங்கே நுரையீரல் சத்தம்? நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா என்று பார், கை வைத்துப் பார், மானிட்டர் கோட்டைப் பார் என்றார்கள்.

அடுத்தது காற்று. பொள்ளாச்சியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வால்பாறை போய்ச் சேர்வதற்குள் உப்பிவிடும், அதைத் தின்றவன்தான் நானும். கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி ஏறினால் அடைபட்ட காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரியும். விலா முறிந்து நுரையீரலுக்கு வெளியே காற்று கட்டியவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. மூச்சுக்குழாயில் விட்ட ட்யூபின் பலூனும் அப்படியே உப்பும். ஏறும்போதும் இறங்கும்போதும் பலூனின் அழுத்தம் பார்க்க வேண்டும்.

சரிவில் நிற்கும் ஹெலிகாப்டரை மேட்டுப் பக்கமிருந்து நெருங்கினால் விசிறி தலைக்கு நேரே சுற்றும். வால் பக்கம் போகவே கூடாது. மேலிருந்து இறங்கும் கொக்கி தரையைத் தொட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ஷாக் அடிக்கும். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. பறக்கலாமா வேண்டாமா என்று பைலட் முடிவு செய்யும்வரை நோயாளியின் வயதையோ நிலையையோ அவரிடம் சொல்லக்கூடாது. பரிதாபம் மேகத்தைக் கலைக்காது, பைலட்டின் கணக்கைத்தான் கலைக்கும் என்றார் பயிற்சியாளர். எனக்குச் சுருக்கென்றது. ஆம்புலன்ஸில் ஏறியதும் என் முதல் வார்த்தையே, "அண்ணா, சின்னப் புள்ளைங்ணா, கொஞ்சம் வெரசா" என்பதுதான்.

ஜூன் மாதம், கடைசி வாரப் பயிற்சி. எஸ்டேட்டிலிருந்து அழைப்பு வந்ததாகப் பாவனை. என் கையில் இருந்த சீட்டில் 'வயது 7'. மலை முழுக்க மஞ்சு மூடியிருந்தது. பைலட் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "போக முடியாது" என்றார். சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பாவனைதான், இருந்தும் அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் பழைய டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நீங்க வயசச் சொல்றப்பெல்லாம் எனக்கு ஸ்டியரிங்குல கை வேர்க்குமுங்க தம்பி. சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன்."