கார்க்காசோன் நாட்குறிப்பு: இரட்டை மதிலைச் சுற்றி

மே 12

தென் பிரான்ஸின் கார்க்காசோனில் ரயில் நிலையம் கீழூரில் இருக்கிறது. மேலே கோட்டை நகருக்கு நடந்தால் அரை மணி நேரம். பெரும்பாலோர் வண்டி பிடித்துக் கிழக்கே நார்போன் வாசலில் இறங்கிவிடுகிறார்கள். அதைவிட, பழைய பாலத்தில் ஓட் நதியைக் கடந்து மேற்கு வாசலுக்கு ஏறுவது நல்லது. செங்குத்தான பாதை வளைந்து வளைந்து மதிலடியிலேயே போகிறது. ஏறுபவன் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே நிற்கும் வில்லாளிக்கு இலக்கு.

மே 13

உள்மதில், வெளிமதில் இரண்டும் சேர்ந்து சுமார் 3 கி.மீ., 52 கோபுரங்கள். நடுவில் ஓடும் திறந்தவெளிக்கு 'லிஸ்' என்று பெயர். அங்கே நடக்கக் கட்டணம் இல்லை. கிழக்குப் பக்கத்தைக் காலையிலும் மேற்கை மாலையிலும் பார்க்க வேண்டும். சாய்வெயிலில்தான் கல்லின் வேலைப்பாடு தெரியும்.

வடக்குப் பக்கம்தான் நின்று பார்க்க வேண்டிய இடம். சின்னச் சின்னக் கற்கள், இடையிடையே செங்கல் வரிகள், வெளிப்புறம் வளைந்து உட்புறம் தட்டையான கோபுரம்: இது ரோமானியர் காலத்து மதில். அதற்கும் கீழே பெரிய கற்கள் தெரிகின்றன. பெரிய கல்தான் பழசு என்று நினைக்கத் தோன்றும், உண்மை தலைகீழ். 13-ஆம் நூற்றாண்டில் லிஸைச் சமப்படுத்த மண்ணை வெட்டி இறக்கியபோது ரோமானிய அஸ்திவாரம் வெளியே வந்துவிட்டது. மதில் சரியாமல் இருக்க அடியில் புதுக்கல் கொடுத்துத் தாங்கினார்கள். அதனால் இங்கே மேலே இருப்பது பழசு, கீழே இருப்பது புதுசு.

முகம் புடைத்த கற்கள் கண்ணில் பட்டால் அது மூன்றாம் பிலிப் மன்னர் காலத்து வேலை. நார்போன் வாசலின் இரட்டைக் கோபுரங்களும் அவ்வகைதான். அவற்றின் முன்பக்கம் அலகுபோல் கூராக நீள்வது, எறிகல் நேராக மோதாமல் விலகிப் போவதற்காக.

மே 14

கத்தார் என்ற கிறித்தவப் பிரிவினரை ஒடுக்க 1209 ஆகஸ்டில் சிலுவைப் படை வந்தபோது மதில் உடையவில்லை. கோடைவெயில், உள்ளே புகுந்த அகதிக் கூட்டம், வற்றிய கிணறுகள். இரண்டு வாரத்தில் நகரம் பணிந்தது. பிரபு ரேமோன்-ரோஜே திரான்காவெல் அதே நவம்பரில் சிறையில் இறந்தார்.

அதற்குள் பிரெஞ்சு மன்னர் வசம் போயிருந்த நகரத்தை 1240-இல் அவர் மகன் திரும்பி வந்து முற்றுகையிட்டார். அவர் ஆட்கள் மதிலடியில் சுரங்கம் தோண்டி, முட்டுக்கொடுத்த மரங்களுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் வெட்டினார்கள்; விழப்போகும் இடத்துக்குப் பின்னால் அவசரச் சுவர் எழுப்பினார்கள். அரசப் படை நெருங்கியதும் முற்றுகை கலைந்தது. மதிலை ஒட்டிய புறநகர்வாசிகள் முற்றுகையாளர் பக்கம் நின்றதால் அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆற்றுக்கு அக்கரையில் குடியேற 1247-இல் மன்னர் ஒன்பதாம் லூயி அனுமதித்தார். அதுதான் இன்றைய கீழூர். கீழூர்த் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பது திட்டமிட்டுப் போட்ட ஊர் என்பதால்தான்.

மே 15

பிரபுவின் மாளிகைக்கும் அங்கிருந்து ஏறும் மதில்மேல் நடைக்கும் சீட்டு வாங்க வேண்டும். மதிலுக்கு வெளியே நீட்டிக் கட்டிய மரத்தளத்தைத் தவறவிடாதீர்கள். அதன் தரையிலுள்ள திறப்புகள் வழியாக மதிலடியில் நிற்பவன் தலையில் நேராகக் கல் போடலாம். இது பிற்காலத்தில் பழைய முறையில் செய்து வைத்தது.

1659-இல் ஸ்பெயினுடனான எல்லை தெற்கே நகர்ந்ததும் கோட்டைக்கு வேலை போயிற்று. ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1853-இல் மதில்களைப் புதுப்பிக்கத் தொடங்கியவர் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டியூக். கூம்புக் கூரைகளில் அவர் ஸ்லேட் என்னும் மெல்லிய பலகைக்கல் வேய்ந்தது வடபிரான்ஸ் பாணி. இந்தப் பக்கத்து வழக்கம் தாழ்ந்த ஓட்டுக்கூரை. சில ரோமானியக் கோபுரங்களில் பின்னர் ஓடு மாற்றிவிட்டார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஓடுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அவர் கைவைக்காமல் இருந்திருந்தால் கூரையைப் பற்றிச் சண்டை போட இங்கே கோபுரமே மிஞ்சியிருக்காது.

மே 16

சேன் நசேர் தேவாலயம். நடுக்கூடம் பழைய ரோமனெஸ்க் கட்டடப் பாணி: தடித்த தூண்கள், இருட்டு. பலிபீடப் பக்கம் அதற்குப் பின்வந்த கோதிக் பாணி: மெல்லிய கல், சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி. முற்றுகைக் காட்சி செதுக்கிய கற்பலகை ஒன்றும் உள்ளே இருக்கிறது; எறிகல் பொறியை எத்தனை பேர் சேர்ந்து கயிற்றால் இழுத்தார்கள் என்பதை அதில் பார்க்கலாம்.