பிசின் வடிந்தது நெஞ்சு உயரத்தில்

பினாங்கில் மரங்களைப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் அங்சானா, தூங்குமூஞ்சி மரம், சாலையோரப் புளி. ஊசியிலை மரம் என்று அழைப்பு வந்தால் அநேகமாக அது பழைய பங்களா வாசலில் நிற்கும் அரக்கேரியாவாக இருக்கும். வீட்டுக்காரர்கள் ‘கிறிஸ்மஸ் மரம்’ என்பார்கள். சிலர் சவுக்கையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். சவுக்கு பூக்கிற மரம்; அது வேறு சாதி.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீடு. அங்கே ஒரு வளைய அரக்கேரியா, எட்டு மாடி உயரம் இருக்கும். நெஞ்சு உயரத்தில் பட்டை நெடுக்கில் வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரமெல்லாம் மெழுகுவர்த்தி உருகி வழிந்த மாதிரி வெள்ளைப் பிசின். “வெட்டிடச் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?” என்று அந்த வீட்டம்மா கேட்டார். அவருடைய மாமனார் வைத்த மரமாம்.

இந்த மரத்தின் பட்டை இயல்பாகவே குறுக்கில் வளையம் வளையமாக உரியும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. நெடுக்கு வெடிப்புதான் கவலை. உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாக, சில சமயம் சுற்றிக்கொண்டு இறங்கினால் மின்னல் விழுந்திருக்கலாம். கணுக்கால் உயரத்தில் மட்டும் என்றால் புல்வெட்டி மெஷினின் வேலை. ஜனவரி, பிப்ரவரி வறட்சிக்குப் பிறகு பெருமழை பெய்து, மரம் சட்டென்று பருத்தாலும் பட்டை பிளக்கும். பிசினோடு மாவு போல மரத்தூளும், குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் இருந்தால் வண்டு.

நான் ஓட்டைகளைப் பார்த்தேன், தூளையும் பார்த்தேன். வண்டு என்று அறிக்கை எழுதி மருந்தடிக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது வெடிப்பு ஒரு முழம் நீண்டிருந்தது. மேலே இலைகள் மெலிந்து கிளைகளின் ஊடாக வானம் தெரிந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் எங்களோடு வேலை செய்யும் மூத்தவர் ஒருவரை அழைத்துப் போனேன். சுங்கைப் பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டியவர். வெடிப்பை அவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து உச்சியைப் பார்த்தார். பிறகு நேராகக் குனிந்து அடியைப் பார்த்தார்.

“தம்பி, ரப்பர் மரத்துல கொப்பு வெளுத்தா நாங்க வேரைத்தான் தோண்டுவோம். இங்க பாரு, மரம் மண்ணுக்குள்ள எப்படி எறங்குது?”

அப்போதுதான் கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய மரத்தின் அடி யானைக்கால் மாதிரி விரிந்து மண்ணில் ஊன்ற வேண்டும். இது விளக்குக் கம்பம் நட்ட மாதிரி நேராக இறங்கியிருந்தது. கார் நிறுத்த சிமெண்ட் போட்டபோது மண்ணை மேடாக்கி மட்டம் செய்திருக்கிறார்கள். வீட்டம்மாவைக் கேட்டால், “ஆமா, ரெண்டு வருஷம் ஆச்சு” என்றார்.

மண்வெட்டியைத் தொடவிடவில்லை அண்ணன். கைக்கரண்டியாலும் விரலாலும் ஓரமாக விலக்கினோம். ஒன்றரை அடி மண். அடியில் பட்டை கறுத்து, நனைந்த அட்டை போல விரலில் ஒட்டி வந்தது, புளித்த வாடை. முக்கால் சாண் அகலத்துக்கு ஒரு வேர் கம்பியைச் சுற்றுவது போல மரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் பயந்தது பழுப்பு வேர் நோய்க்கு. ரப்பர் தோட்டத்தில் பேர்போன அந்தப் பூஞ்சை அரக்கேரியாவையும் பிடிக்கும். பிடித்தால் வேரின் மேல் மண்ணும் கல்லும் ஒட்டிய பழுப்புத் தோல் படரும், கழுவினாலும் போகாது. தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். மண் சுத்தமாகக் கழன்றது. பேனாக்கத்தியால் பட்டையை நகம் அளவு சுரண்டினோம்: சிமெண்ட் பக்கம் பழுப்பு, அது செத்த பட்டை; மற்ற மூன்றில் இரண்டு பங்கு ஈரமான வெள்ளை, அங்கே இன்னும் உயிர் இருந்தது.

வேர் மூச்சு முட்டி, மரம் பலமிழந்து, பிறகுதான் வண்டு வந்திருக்கிறது. மருந்து வேரை எட்டவே எட்டாது. முதல் நாளே குனிந்து பார்த்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

சிமெண்டை ஒரு மீட்டர் உடைத்து, மண்ணைப் பழைய மட்டத்துக்கு இறக்கினோம். சுற்றிய வேரை ஒரே நாளில் அறுக்காமல் பாதி பாதியாக. வெடிப்பில் தார் பூசலாமா என்று தோட்டக்காரர் கேட்டார். வேண்டாம் என்றோம். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துக்கொண்டு அதன் மேலே புதுக் கட்டையை வளர்க்கிறது; தார் உள்ளே ஈரத்தைத்தான் பிடித்து வைக்கும்.

“பிழைச்சிடுமா?” என்றார் அந்த அம்மா. உறுதி சொல்ல முடியாது, வருடம் இரண்டு முறை வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் போனேன். பழைய பிசின் மஞ்சளாக இறுகித் தட்டினால் உதிர்ந்தது. வெடிப்பின் இரு ஓரத்திலும் சுண்டுவிரல் கனத்துக்குப் புதுப் பட்டை உதடு மாதிரி உருண்டு வந்திருந்தது. சிமெண்ட் பக்கம் மட்டும் ஒரு சாண் மேலே புதிதாக ஒரு துளி, இன்னும் ஈரம். அதைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்தேன்.