அடையேன், அடைவேன்: ஒரு வசன நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் இந்த மாதத்து மனப்பாடப் பகுதி வேதாகமத்தின் 23-ஆம் சங்கீதம். ஆறே வசனம்தான். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து.

போன வருஷம் பண்ணிய தப்பை இந்த முறை பண்ணக் கூடாது. அப்போது சனிக்கிழமை ராத்திரி பெரியவனை நிற்க வைத்து, சாக்லேட்டைக் காட்டிக்காட்டி உருப்போட வைத்தேன். ஞாயிறு காலையில் கடகடவென்று ஒப்பித்தான். திங்கட்கிழமை கேட்டால் முதல் வரிக்கு மேல் ஒன்றுமில்லை. சாக்லேட்டோடு வசனமும் செரித்துவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சின்னவளுக்கு வசனம் சொல்லித்தர நல்ல நேரம் சடை பின்னும் நேரம்தான். தலை என் கையில் இருக்கும், ஓட முடியாது. முதல் சடைக்கு நான் சொல்ல வேண்டும், இரண்டாவது சடைக்கு அவள் சொல்ல வேண்டும்.

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடைவேன்" என்றாள்.

ஆச்சி திண்ணையிலிருந்தே சத்தம் போட்டார். "ஏட்டி, அடைவேன் இல்லட்டி, அடையேன்! அர்த்தமே தலைகீழாப் போச்சே!"

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நாம் 'மாட்டேன்' என்று பேசுகிறோம். நாம் படிக்கும் வேதாகமமோ 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. அடையேன், பயப்படேன் எல்லாம் அவள் காதில் விழுந்ததே இல்லை. அதனால் ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். 'மாட்டேன்' வரும் இடத்தில் எல்லாம் 'ஏன்' போட வேண்டும். தூங்கேன், குளியேன், பள்ளிக்கூடம் போகேன். ராத்திரி இட்லித் தட்டை வைத்து, "இன்னும் ஒண்ணு சாப்பிடேன்" என்று கெஞ்சினேன். "சாப்பிடேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். இரண்டு பேர் சொன்னதும் ஒரே சொல்தான்! இனிமேல் இந்தச் சொல்லை மறக்க மாட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஆராதனை முடிந்து ஊருக்குப் போகும் வழியில், அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொன்னேன். மேய்ப்பர், மேய்ப்பர் என்று ஒரு வாரமாகச் சொல்கிற பிள்ளைகள் இதுவரை ஆடு மேய்க்கிற ஒரு கீதாரியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

கீதாரி கையில் தொரட்டி. உச்சியில் கருவேலங்கிளையை வளைக்கிற கொக்கி, கைபிடிக்கிற இடம் வழுவழுவென்று எண்ணெய் தேய்த்ததுபோல் இருந்தது. "உமது கோலும் உமது தடியும்னு ரெண்டு வருதே, இது கோலா தடியா?" என்றான் பெரியவன். அவரையே கேட்கச் சொன்னேன். "இது தழை ஒடிக்க, தம்பி. நாய் நரி வந்தா அதுக்குக் கம்பு தனியா இருக்கு" என்று கிடையோரம் சாய்த்து வைத்திருந்ததைக் காட்டினார். நாலாம் வசனத்தை நான் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

ஜூன் 12, வியாழன்

குழாயைத் திறந்துவிட்டுப் பெரியவன் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான். முற்றம் முழுக்கத் தண்ணீர். திட்ட வாயைத் திறந்தேன், அதற்குள் "என் பாத்திரம் நிரம்பி வழிகிறது" என்றான். அடி விழுந்தது. வசனம் சரி.

ஜூன் 17, செவ்வாய்

பெரியவனுக்குக் கூடுதலாக யோவான் 3:16. நம் வேதாகமத்தில் அதன் வாக்கியம் பிள்ளைகளைத் தடுக்கி விழவைக்கும். ஒரேபேறான குமாரன், விசுவாசிக்கிறவன் எவனோ, கெட்டுப்போகாமல் என்று வரிசையாகப் போய், கடைசியில்தான் 'அன்புகூர்ந்தார்' வருகிறது. அதுவரை எல்லாவற்றையும் வாயில் அடக்கி வைத்திருக்க வேண்டும். அவன் எப்போதும் பாதியில் நிற்பான்.

இன்றைக்கு வாலிலிருந்து ஆரம்பித்தோம். முதலில் 'அன்புகூர்ந்தார்' மட்டும். அப்புறம் 'இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்'. அப்புறம் 'அவரைத் தந்தருளி' என்பதை முன்னால் சேர்த்தோம். ஒவ்வொரு தடவையும் தெரிந்த இடத்தை நோக்கிப் போவதால் பயமில்லை. ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முக்கால்வாசி வந்துவிட்டது.

அவன் அப்பாவிடம் சொன்னேன். 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனமும் மூல மொழியான எபிரேயத்தின் 22 எழுத்து வரிசையில், எழுத்துக்கு எட்டு என்று எழுதப்பட்டது, மனதில் நிறுத்த அதுவும் ஒரு பிடிதானே என்றார். தமிழில் அந்தப் பிடி போய்விட்டது. எங்களுக்கு வால்தான் பிடி.

ஜூன் 22, ஞாயிறு

"அமர்ந்த தண்ணீர்னா தண்ணி உக்காந்திருக்குமாம்மா?" இரண்டாம் வசனத்தில் வருவதைச் சின்னவள் கேட்டாள். கொக்கிரகுளம் பக்கம் ஆற்றைக் காட்டக் கூட்டிப்போனேன். தாமிரபரணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஓடுதே" என்றாள். அதுவும் சரிதான். மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது இளைப்பாறுதலைக் குறிக்கும் சொல், ஆடு பயமில்லாமல் குனிந்து குடிக்கிற தண்ணீர் என்று சொன்னேன். படித்துறை ஓரத்தில் கல்லுக்குள் தேங்கியிருந்த தண்ணீரில் கையை விட்டு, "அப்போ இது" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

பெரியவன் முழுவதும் சொன்னான், கொஞ்சம் வேகம். சின்னவள் மைக்கின் முன் நின்று, 'தாழ்ச்சியடையேன்' வரை கணீரென்று சொன்னாள். அதோடு சரி. ஆசிரியை எடுத்துக்கொடுத்தும் வாய் திறக்கவில்லை. ஆச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, ரிப்பனை அவிழ்த்துச் சடையைப் பிரிக்கும்போது ஆறு வசனத்தையும் தானாகவே சொன்னாள், ஒரு தப்பில்லாமல்.

"இதை அங்கே சொல்றதுக்கென்ன?"

"அங்க நீ சடை பின்னலையேம்மா."