நீங்களாக இருந்தால், சிஸ்டர்?

கருவிலிருந்த பிள்ளைக்குக் குறைபாடு என்று அறிந்த ஒரு தாய் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கவே கூடாது என்பது உடன் பணிபுரியும் சிலரின் கருத்து. தகவலைக் கொடு, முடிவைப் பெற்றோரிடம் விடு என்பதுதான் கருக்குறைபாட்டு ஆலோசனையில் செவிலியரான எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். அதில் நியாயம் இருக்கிறது. அஞ்சி நிற்கும் பெண்ணுக்குச் சீருடை அணிந்தவரின் ஒரு சொல் கட்டளையாகவே கேட்கும்.

பனிக்குட நீர்ப் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. இரண்டு இருக்க வேண்டிய 18ஆவது குரோமோசோம் மூன்றாக இருந்தது. எட்வர்ட்ஸ் குறைபாடு. உயிரோடு பிறந்தாலும் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. மருத்துவர் விளக்கிவிட்டுப் போனபின் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சிஸ்டர்?"

"பெற்றெடுப்பேன் அம்மா. எத்தனை நாள் இருந்தாலும் அது என் பிள்ளைதானே" என்றேன். அவர் கேட்காமலே, "நாங்கள் உங்களோடு இருப்போம்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

முதலில் சொன்னதில் எனக்குக் குழப்பமில்லை. 139ஆம் சங்கீதத்தைச் சொல்லி ஜெபித்து வளர்ந்தவள் நான். கருவிலேயே கர்த்தரின் கண் கண்ட உயிரைக் குரோமோசோமை எண்ணி மதிப்பிட எனக்கு வராது. டவுன் குறைபாட்டுக்குக் காரணம் கூடுதலான 21ஆவது குரோமோசோம் என்று 1959இல் அறிவித்த குழுவில் இருந்தவர் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன். அந்தப் பிள்ளைகளைக் குணப்படுத்தவே அவர் ஆசைப்பட்டார். தன் கண்டுபிடிப்பு அவர்களைக் கருவிலேயே கண்டறிந்து கலைக்கப் பயன்பட்டபோது வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். அவரும் விசுவாசி. ஆனால் அவர் அறிஞர்களின் அவையில் பேசினார். நான் பேசியது இரவெல்லாம் அழுத ஒரு தாயிடம்.

குழந்தை நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் இருந்தாள். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். வார்டில் இருந்தவரை நாங்கள் இருந்தோம். வீட்டுக்குப் போனபின் அந்த இரவுகளில் விழித்திருந்தது தாய் ஒருவர்தான். என் பணிநேரம் முடிந்தால் நான் தூங்கப் போய்விடுவேன்.

"நீங்கள் சொல்லாவிட்டாலும் பெற்றிருப்பேன்" என்று பின்னொரு நாள் அந்தத் தாயே சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடையப் பார்க்கிறேன். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்றும் தோன்றுகிறது. மகளைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் தெரியும் பெருமிதத்தை நான் கற்பனை செய்யவில்லை. அவர் உடல் மெலிந்துபோனதையும் கற்பனை செய்யவில்லை.

ஆதித் திருச்சபையின் போதனை நூலான திதாகே கருக்கலைப்பையும் பச்சிளங்குழந்தையைக் கொல்வதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. ஏழைக்கு இரங்காதவர்களையும் அதே நூல் கண்டிக்கிறது. முன்னதை நாங்கள் ஆலயத்தில் உரக்கச் சொல்கிறோம். பின்னதை அந்த அளவுக்குச் சொல்கிறோமா?

இப்படிப்பட்ட வீடுகளுக்கு இரவுத்துணையாகச் செல்லச் சபையில் ஆள் கேட்டு வருகிறேன். இசைந்தவர்கள் மிகச் சிலர். அடுத்த தாய் அதே கேள்வியைக் கேட்டால், பெற்றெடுப்பேன் என்றுதான் சொல்வேன். உங்களோடு இருப்போம் என்று சொல்வதற்கு முன், அன்றிரவு யார் போவார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.