53 ஓம்

கரண்ட் அடுப்புக் காயிலுக்குக் கணக்கு ரொம்ப எளிது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, வேண்டிய வாட்டால் வகுத்தால் ஓம், அதாவது காயிலின் மின்தடை, வந்துவிடும். 230 வோல்ட்டில் 1000 வாட்டுக்குச் சுமார் 53 ஓம். திருநெல்வேலி டவுனில் எங்கள் ரிப்பேர் கடைக்கு வேலைக்கு வரும் பையன்கள் இதைச் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தகராறெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

செல்போனில் தேடினால் வரும் கம்பிப் பட்டியல் பெரும்பாலும் அமெரிக்க கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்). அதில் 26 என்பது 0.405 மி.மீ.; நிக்ரோம் (காயில் சுற்றும் நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பி) என்றால் மீட்டருக்கு 8.4 ஓம். நாங்கள் வாங்கும் 26 கேஜ் பிரிட்டிஷ் அளவு, 0.457 மி.மீ. தடிமன், மீட்டருக்கு 6.6 ஓம்தான். பட்டியலை நம்பி ஆறேகால் மீட்டரில் வெட்டினால் அடுப்பு சுமார் 1280 வாட் இழுக்கும். வேண்டியது எட்டு மீட்டர். அதனால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் கட்டிங் பிளேயரை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மல்டிமீட்டர் 53 ஓம் காட்டிய காயிலும் சீக்கிரம் அறுந்துபோகும். கம்பியை நெருக்கமாகச் சுற்றிய சுருளை அடுப்பின் பள்ளத்துக்கு ஏற்ற நீளத்துக்கு இழுக்கும்போது, ஒரு இடம் அகலும், இன்னொரு இடம் நெருக்கமாகவே நிற்கும். நெருங்கிய சுற்றுகள் ஒன்றையொன்று சுடவைத்து, அங்கேதான் முதலில் போகும். மல்டிமீட்டருக்கு இது தெரியாது, மொத்த ஓம் மாறவில்லையே. டிம்மர்ஸ்டாட்டில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு மெல்ல ஏற்றினால் எந்த இடம் முந்திச் சிவக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். முனைகளை இரட்டையாக முறுக்கி ஸ்க்ரூவில் இறுக்குவதும் முக்கியம். அங்கே லூசாக இருந்தால் எவ்வளவு நல்ல காயிலும் நிற்காது.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, அடுப்பு சூடே ஏறமாட்டேங்கு. ரெண்டு சுத்து வெட்டி விடுங்களேன்." அவர் வீட்டில் சாயங்காலம் 190 வோல்ட்தான் வருகிறதாம். அந்த வோல்டேஜில் 53 ஓம் கொடுப்பது 680 வாட். அதை 1000 ஆக்க 36 ஓமுக்கு வெட்டினால், ராத்திரி 230 வரும்போது 1460 வாட்டைத் தாண்டும். வீட்டு வயரிங் அதைத் தாங்குமா என்று யார் பார்ப்பது? வெட்டவில்லை. அவருக்குக் கோபம்தான்.

அல்வாக் கடைகளில் பிளாஸ்டிக் பையின் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மெஷின் வேறு கதை. அதிலுள்ள நிக்ரோம் பட்டை ஓரிரு ஓம் அளவில்தான் இருக்கும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் தொடவைத்தாலே 0.3 காட்டுகிறது, அதைக் கழிக்காவிட்டால் அளந்தும் பயனில்லை. (இந்தச் சின்ன ஓம் வேலையைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரித் தம்பி வேப் காயில் சுற்றித் தரக் கேட்டார். 2019-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை போட்டாயிற்று, கிளம்புங்கள் என்றேன்.) ஆனால் "சீல் நிக்கல" என்று வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் பட்டை சரியாகவே இருக்கிறது. பையின் வாயில் நெய் பட்டிருந்தால் பிளாஸ்டிக் ஒட்டாது. பட்டையை மூடியிருக்கும் டெஃப்லான் துணியைத் துடைத்து, காலிப்பை ஒன்றை ஒட்டிக் காட்டி அனுப்புகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. அல்வா கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.