தண்ணீர் தொடாத இடத்தில்தான் அரிப்பு

பாதாளச் சாக்கடைக் குழாய் அரித்துப்போனது என்றால் அடிப்பக்கத்தைத்தான் பலரும் சந்தேகிக்கிறார்கள். அங்கே காங்கிரீட் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். கெட்டுப்போவது மேல்வளைவும் மேன்ஹோல் கழுத்தும். ஸ்குரூடிரைவரால் கீறினால் வெள்ளைக் களிம்பாக ஜிப்சம் வழித்துக்கொண்டு வரும்.

நீருக்கடியில் படிந்த வழுக்குப் படலத்தில் ஆக்சிஜன் இருக்காது. அங்குள்ள பாக்டீரியா சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும். கழிவுநீர் விழுந்து கலங்கும் இடத்தில் அந்த வாயு வெளியேறி ஈரக் கூரையில் சேரும். அங்கே வேறொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். புதுக் காங்கிரீட்டின் பிஎச் 12க்கு மேல். அரித்த கூரையில் அது 1, 2 என்று இறங்கிவிடும்.

டெண்டர்களில் சல்ஃபேட் எதிர்ப்பு சிமென்ட் கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அது மண்ணிலுள்ள சல்ஃபேட்டுக்கான மருந்து. அமிலம் சிமென்டின் சுண்ணாம்பையே கரைப்பதால் இங்கே அதனால் பெரிய பயனில்லை. கால்சியம் அலுமினேட் சிமென்டில் கலந்த காரை கூடுதலாகத் தாங்கும். ஜல்லி சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் அமிலத்தின் ஒரு பங்கை அதுவும் வாங்கிக்கொள்ளும்.

பழைய மேன்ஹோலுக்குப் பூச்சு பூசும்போது சறுக்குவது பெரும்பாலும் தளத் தயாரிப்பில். உயரழுத்த நீரால் களிம்பை எடுத்தபின் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்க்க வேண்டும். நல்ல காங்கிரீட்டின் காரத்தில் அது இளஞ்சிவப்பாகும்; அந்த நிறம் வராத இடத்தில் இன்னும் கொத்த வேண்டும். பூசுவது காரையென்றால் சுவர் உள்ளே ஈரமாகவும் மேலே நீர் நிற்காமலும் இருக்க வேண்டும். எபாக்சி என்னும் பிசின் பூச்சென்றால் சுவர் உலர்ந்திருக்க வேண்டும். நிலத்தடி நீர் கசியும் சுவரில் கசிவை அடைக்காமல் எபாக்சி பூசினால் கொப்புளம் நிச்சயம். காலையில் சுவர் சூடேறும்போது பூசினால் நுண்துளைக் காற்று விரிந்து பூச்சில் ஊசித்துளை போடும். சுவர் குளிரும் மாலையே நல்லது. பூச்சு இறுகியதும் மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 4,000 வோல்ட் வைத்துத் தீப்பொறிச் சோதனை; துளை இருக்கும் இடத்தில் பொறி பறக்கும். ஒரு துளை தப்பினாலும் அமிலம் அதன் வழியே புகுந்து, பூச்சை அடியிலிருந்து உரித்துவிடும்.

புதுக் குழாயென்றால், வார்க்கும்போதே உள்ளே பதிக்கும் பிவிசி அல்லது எச்டிபிஇ பிளாஸ்டிக் தாள்தான் நம் தேர்வு. மூட்டுகளின் வெல்டிங்கை மட்டும் விடாமல் சோதிக்க வேண்டும்.

பூச்சைவிட மலிவான வேலை ஒன்று பலமுறை விட்டுப்போகிறது: உந்து நிலையக் குழாய் மேன்ஹோலில் உயரத்திலிருந்து கொட்டினால், அதன் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுவது. கழிவுநீர் கலங்காவிட்டால் வாயு வெளியேறுவதும் குறையும். உள்ளே இறங்குமுன் வாயுமானி வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) இருந்தால் மூக்கு மரத்து, அழுகிய முட்டை நாற்றம் தெரியாமல் போய்விடும்.