கப்பல் அலை மாதிரி ஒரு காற்று

போன கிறிஸ்துமசுக்கு ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்தேன். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. குளச்சல்காரர்களுக்கு அதுதான் பக்கம். அரபிக்கடல் மேல் வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. எதிர்த்திசையில், எங்களுக்குச் சற்று மேலே, ஒரு பெரிய விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு சர்ரென்று கடந்தது. வேடிக்கை பார்த்துவிட்டு, காலடியிலிருந்த பையை எடுக்க பெல்ட்டைக் கழற்றினேன்.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மடாரென்று ஓர் அடி. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது, என் தலை மேல்தட்டில் மோதியது, பக்கத்துச் சேட்டனின் சாயா முழுதும் என் சட்டையில். சில வினாடிதான், நிமிர்ந்துவிட்டது. மேலே போன விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் மாட்டினோம் என்று பைலட் அறிவித்தார். பணிப்பெண் ஐஸ் கொடுத்தார். இறங்கியதும் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு நாளைக்குள் வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினார். நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று.

வீட்டில் சொன்னதும் வள்ளக்காரரான அப்பா சிரித்தார். "லே மக்கா, கப்பல் போன பொறவுதான அலை வரும்? அணியத்த அலைக்கு நேர புடிச்சா ஏறி எறங்கிரலாம். பள்ளையில வாங்குனா வள்ளத்த கவுத்துப்போடும்." அணியம் என்றால் வள்ளத்தின் முன்முனை, பள்ளை என்றால் அதன் பக்கவாட்டு.

கேட்டுப் படித்தபோது விஷயம் ஏறக்குறைய அதேதான். இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூடிய காற்று, நுனி வழியாக மேலே சுருண்டு, இரு பக்கமும் எதிரெதிராகச் சுழலும். விமானத்தின் எடை கூடினால் சுழலின் வேகமும் கூடும். அது நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி இறங்கும். அந்த உயரத்தில் விமானங்களுக்கு இடையே மேலும் கீழும் 1,000 அடிதான் இடைவெளி. ஆக, இறங்கி வந்த சுழல் எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. 2017 ஜனவரியில் இதே அரபிக்கடல் மேல், ஏ380 என்ற ராட்சதப் பயணிகள் விமானம் ஒன்றுக்கு 1,000 அடி கீழே வந்த சின்ன ஜெட் ஒன்று பலமுறை புரண்டு, சுமார் 9,000 அடி சரிந்து, மஸ்கட்டில் இறங்கியது. அதைப் படித்தபின் என் வீக்கத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாகிவிட்டது.

பெருங்கடல் மேல் போகும்போது, இந்தச் சுழலில் மாட்டாமலிருக்க, பாதையிலிருந்து வலப்பக்கம் 2 கடல் மைல் வரை விலகிப் பறக்கவும் வழி உண்டாம். இதை அப்பாவிடம் சொன்னேன். "பின்ன?" என்றார், அவ்வளவுதான்.

திரும்பிப் போகையில் நான் பெல்ட்டைக் கழற்றவே இல்லை. பக்கத்து ஆள் பாத்ரூமுக்கு எழுந்தபோதெல்லாம் ஜன்னலில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வழி விட்டேன்.